ஹாம்பர்க்கில் ஒரு சனிக்கிழமை

சுடலைராஜ்: ஆத்துக்கு அடியிலயா? ஏட்டி, அப்பனைக் கோட்டிக்காரனாக்காத.

செல்வி: சத்தியமாப்பா. அடியில குடைஞ்சு ரோடு போட்டிருக்காங்க. மேல கப்பல் போகுது, கீழ சனம் நடந்து போகுது.

சுடலைராஜ்: ஒழுகாதா?

செல்வி: நூறு வருசத்துக்கு மேல ஆச்சாம். ஒழுகியிருந்தா மூடியிருக்க மாட்டாங்களா?

சுடலைராஜ்: அது சரி... ஆத்துல எப்படிக் கப்பல் வரும்? கடல்லல்லா வரும்?

செல்வி: இந்த ஹாம்பர்க்ல தொறைமுகமே ஆத்துலதான் இருக்கு. கடலு ரொம்பத் தூரம். கடல்ல இருந்து ஆத்து வழியா பைய வந்து நிக்குமாம்.

சுடலைராஜ்: நம்ம தாமிரவரணியில ஆடு மாடு எறங்குனாலே முட்டளவுதான் தண்ணி. கப்பலு எம்புட்டுப் பெருசு?

செல்வி: நம்ம டீ பேக்டரியைத் தூக்கி மேல வச்சாலும் எடம் கெடக்கும்.

சுடலைராஜ்: பேக்டரியை வச்சுட்டா போதுமா? எலை பறிச்சுப் போட ஆளு? இங்கயே ஆளில்ல...

செல்வி: எப்பா... மலை மேல இன்னும் எத்தனை வீட்டுல ஆள் இருக்கு?

சுடலைராஜ்: இருக்காங்க, இருக்காங்க. நீ கப்பலைச் சொல்லு.

செல்வி: எஸ்டேட் மூடுன பிறகு எல்லாரும் மலைய விட்டு எறங்கியாச்சுன்னு குரூப்புல போடுதாங்களே.

சுடலைராஜ்: போடுதவன் போடுவான், அவனுக்கு வேற சோலி இல்ல. நான் உங்கிட்ட என்ன சொன்னேன்? நீ படிச்சு முடிச்சு வார வரைக்கும் இந்த வீட்டை விட்டு எறங்க மாட்டேன்னு சொன்னேனா இல்லையா?

செல்வி: சொன்னிய.

சுடலைராஜ்: பொறவு என்ன? சவத்த விடு. மத்தியானம் என்ன சாப்பிட்ட?

செல்வி: பன்னுக்குள்ள மீனை வச்சுத் தருதாங்க. வேக வைக்காத மீனு.

சுடலைராஜ்: பச்ச மீனா! தின்னியா?

செல்வி: உப்புல ஊறப் போட்டதுப்பா. பாதி திங்கதுக்குள்ள ஒரு பறவை வந்து மிச்சத்தைக் கொத்திட்டுப் பறந்துட்டு. எல்லாரும் ஒரே சிரிப்பு.

சுடலைராஜ்: பறவைக்குத் தெரிஞ்சிருக்கு, மனுசன் திங்குத சாமான் இல்லன்னு. தனியாவா போன?

செல்வி: டார்லின்தான் கூட்டிட்டு வந்தா. நாசரேத்துக்காரி, எங்கூட ரூம்ல இருக்கால்லா, அவ.

சுடலைராஜ்: நல்லாயிருக்கட்டும். வேற என்ன பாத்திய?

செல்வி: தண்ணி ஓரமா செங்கல் கட்டடமா வரிசையா நிக்கு. அந்தக் காலத்துல தேயிலை, காப்பி எல்லாம் அங்கனதான் அடுக்கி வச்சிருந்தாங்களாம்.

சுடலைராஜ்: தேயிலையா! ஏட்டி, இம்புட்டு நேரமும் பறவைக் கதை சொல்லுத, இதையல்லா மொதல்ல சொல்லணும்... வாசம் இன்னும் அடிக்கா?

செல்வி: அடிக்குன்னு வச்சுக்கோங்க.

சுடலைராஜ்: அது என்ன வச்சுக்கோங்க? மூக்கு இருக்குல்லா?

செல்வி: சளி பிடிச்சிருக்குப்பா.

சுடலைராஜ்: அதான் தொண்டை கட்டுனாப்புல இருக்கா? நானும் அப்பத்துல இருந்து கேக்கணும்னு...

செல்வி: தொறைமுகத்துக் காத்து. ஒண்ணுமில்ல.

சுடலைராஜ்: வீடியோவப் போடு. அந்தக் கப்பலைக் கொஞ்சம் காட்டு.

செல்வி: சார்ஜ் இல்லப்பா. வீடியோ போட்டா நின்னுரும். நீங்க வேணா போடுங்க, நம்ம வீட்டைப் பாக்கேன்.

சுடலைராஜ்: இங்க மழைல்லா... ஒரே மஞ்சு. ஒண்ணும் தெரியாது. நானே ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு நடுங்கிக்கிட்டு நிக்கேன்.

செல்வி: மழையிலயும் டவர் கட்டாகாம எடுக்குதே. எப்பவும் வளைவுப் பாறைக்கு மேல ஏறி நின்னு கத்துவிய.

சுடலைராஜ்: இன்னிக்கு என்னமோ நல்லா எடுக்கு.

தங்கத்தாய்: ஏங்க! சட்டையையும் கழட்டிப் போட்டுட்டு எங்க போய் உக்காந்திருக்கிய? கொசுவத்தியை ஏத்துங்க, பிடுங்கி எடுக்குல்லா...

சுடலைராஜ்: ஏய், போன்ல புள்ள இருக்கா!

தங்கத்தாய்: செல்வியா? ஐயோ... நான் ஒண்ணும் சொல்லலம்மா.

செல்வி: ஸ்வெட்டருக்குள்ள கொசு கடிக்காப்பா?

சுடலைராஜ்: உங்கம்மா ஏதோ நெனைப்புல...

செல்வி: அது என்ன பின்னால கிரீச் கிரீச்சுன்னு சத்தம்?

சுடலைராஜ்: காத்து.

செல்வி: காத்து கிரீச்சுங்குமா?

சுடலைராஜ்: கதவு ஆடுதுட்டி.

செல்வி: எப்பா, நான் பொறந்ததுல இருந்து நம்ம வீட்டுல ஃபேன் கிடையாது. அந்தக் குளிருல நம்ம ஆளு எவன் ஃபேன் வாங்கியிருக்கான்? எங்க இருக்கிய?

தங்கத்தாய்: சொல்லுங்க. எத்தனை நாளைக்குத்தான் மறைப்பிய?

சுடலைராஜ்: மலையடிவாரத்துல, மணிமுத்தாத்துலதான் தாயி. டேமுக்குப் போற ரோட்டுல... வாடகை வீடு. நல்ல வீடுதான். ஃபேனுதான் சத்தம் போடுது, எண்ணெய் விட்டா சரியாப் போகும்.

செல்வி: எப்பம் எறங்குனிய?

சுடலைராஜ்: இன்னிக்குத்தான்.

தங்கத்தாய்: லாரி கெளம்புனதுல இருந்து வாயே தொறக்கல இவிய. நீ போன் பண்ணுன பொறவுதான் சத்தமே வந்துச்சு.

சுடலைராஜ்: நீ சும்மா கெட... செல்வி, கோவமா தாயி? கடைசியில நாங்களும் காசிலிங்கம் வீடும்தான் மிச்சம். அவனும் போன வாரம் எறங்கிட்டான். ராத்திரி சுத்தி ஒரு வெளக்கு கெடையாது. உங்கம்மாவுக்கு நெஞ்சு வலின்னா ஓடியாற ஒரு மனுசன் இல்ல. நான் எப்படி...

செல்வி: எனக்கென்னப்பா கோவம்?

சுடலைராஜ்: உங்கிட்டச் சொன்ன சொல்லைக் காப்பாத்தல. வீட்டைப் பூட்டிக்கிட்டிருக்கேன், யாரும் இல்லாத வீட்டுக்கு எதுக்குப் பூட்டுன்னு உங்கம்மா கேக்கா.

தங்கத்தாய்: அழாதீங்க. புள்ள அங்கன தனியா இருக்கா.

செல்வி: அழட்டும்மா. விடுங்க.

சுடலைராஜ்: ...அழல, அழல. எறங்குனது எறங்கியாச்சு.

செல்வி: என்கிட்ட நேத்தே சொல்லியிருக்கலாம்லா?

சுடலைராஜ்: எப்படிச் சொல்ல? சனிக்கிழமை கப்பல் பாக்கப் போறேன், போறேன்னு ஒரு மாசமா குதிச்சுக்கிட்டிருந்த. அங்க போயும் இந்த வீட்டை நெனைச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்ப. அதான் ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லிக்கலாம்னு... எங்களுக்குத்தான் இன்னிக்கு இப்படி ஆயிட்டு. நீயாவது சந்தோசமா ஊரைச் சுத்துனியே. எனக்கு அது போதும் தாயி.

செல்வி: ...எப்பா. நான் போகலப்பா. டார்லின் மட்டுந்தான் போனா. அவ அங்க இருந்து போன்ல பேசிப் பேசி அனுப்புனதைத்தான் உங்களுக்குச் சொன்னேன். காலையில சாமானை ஏத்தும்போது அம்மா போன் பண்ணி அழுதா... அப்பம் கட்டில்ல உக்காந்தவதான், இன்னும் எந்திரிக்கல.