பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு ஜாண்

பிக்கப் வண்டியில் பின் சீட்டுக்கும் கேபினின் பின் சுவருக்கும் நடுவே ஒரு ஜாண் இடம் சும்மா கிடக்கும், ஐயா. பழைய துணி, ஜாக்கி, பிள்ளைகள் தொலைத்த ஒற்றைச் செருப்பு என்று எதையாவது திணித்து வைத்திருப்பார்கள். அந்த ஒரு ஜாணுக்குள் இரண்டு ஊஃபர் ஸ்பீக்கர் வைத்து, உட்கார்ந்திருப்பவன் முதுகுத்தண்டில் பாஸ் என்கிற கனத்த அதிர்வொலி இறங்கும்படி செய்ய ராயப்பேட்டையில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

மாஜிஸ்ட்ரேட் ஐயா, நேற்று நீங்கள் என்னைத் திருப்பி அனுப்பினீர்கள். வாக்குமூலம் கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை, கொடுத்தால் எனக்கே எதிராகத் திரும்பும், ஒரு நாள் யோசித்துவிட்டு வா என்றீர்கள். நல்ல மனசோடு சொன்னீர்கள். யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. தங்கவேல் செத்தது என்னால்தான். அதில் எனக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தகராறு கிடையாது. ஆனால் அவர் எழுதிய காகிதத்தில் ‘தங்கை கயலையும் கொல்ல முயன்று’ என்று ஒரு வரி இருக்கிறது. அது சுத்தப் பொய். அந்த ஒரு வரியை அடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்கு மறுபடியும் வந்து நிற்கிறேன். மற்றதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

என் பெயர் புகழேந்தி. கடையின் பெயர் கயல் ஆடியோஸ். எங்கள் அம்மா போனபோது கயலுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. சைதாப்பேட்டையில் ஆற்றோரத்து வீட்டில் அவளுக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவன் நான். கோணல் வகிடுதான், இருந்தாலும் நான்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வருகிறவள் என் தங்கச்சியை எப்படி வைத்துக்கொள்வாளோ என்ற பயம் எனக்கு. பத்தாவது முடித்ததும் கயல் கடைக்கு வந்துவிட்டாள். ஒயர் பற்றவைப்பதில் என்னைவிடச் சுத்தம். பாட்டு போட்டால் கண்ணை மூடிக்கொண்டு, “அண்ணா, லெஃப்ட்டு பக்கம் ஏதோ ஒரு நட்டு ஆடுது” என்பாள். போய்ப் பார்த்தால் ஆடும்.

கடைக்கு ஒரு பழக்கம் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும், அது ஒரு திருகாணியாக இருந்தாலும், காகிதக் கவரில் போட்டு வண்டி நம்பரை எழுதி டிராயரில் வைத்துவிடுவோம். கயல் கொண்டுவந்த பழக்கம். “நாளைக்கு அந்தாளு வந்து நட்டு எங்கடான்னு நின்னா நீ இன்னா பதில் சொல்வே? கவர்ல போடு, மேல நம்பர் எயிது” என்றாள். எட்டு வருடமாக ஒரு கவர் தவறியதில்லை.

தங்கவேல் போன வருடம் ஆடி மாதம் வந்தான். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் சீரியல் லைட் கட்டுகிறவன். கே.கே. நகரில் வீடு. நான்கு கதவு வைத்த பிக்கப். பின்னால் தொட்டியில் விளக்குச் சரங்களும், மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் ஒன்றும் எப்போதும் கிடக்கும். வண்டிக்குள் ஏறினாலே மண்ணெண்ணெய் வாசனைதான், அவனுக்கு அது உறைப்பதே இல்லை. பின் சீட்டுக்குப் பின்னால் ஊஃபர் வைக்க வேண்டும் என்றான். வைத்தேன். சோதித்துப் பார்க்கக் கயல் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினாள். அவன் பாட்டைக் கேட்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலியில் போன ஓணானை நானே எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நான்தான் முன்னால் நின்று நடத்தினேன். நல்ல பையன்தான், ஐயா. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். கேட்கத் தெரியாது, அவ்வளவுதான். பாஸ் குமிழை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு, “மச்சான், சும்மா அதிருதுல்ல” என்பான். அதிர்கிறதா இசைகிறதா என்ற வித்தியாசம் தெரியாதவனோடு என் தங்கச்சி குடித்தனம் பண்ணினாள்.

கல்யாணத்துக்குப் பிறகு கயல் கடைக்கு வருவது வாரம் மூன்று நாளானது. அப்புறம் ஒன்று. அப்புறம் அதுவும் இல்லை. வீட்டில் நான் ஒருவன். சோற்றை வடித்துவிட்டு இரண்டு தட்டு எடுத்துவைத்துவிடுவேன். ஒன்றைத் திரும்பக் கழுவி அடுக்குவேன், கைபடாத தட்டை எதற்குக் கழுவினேன் என்று எனக்கே தெரியாது. அவள் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. இதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஐப்பசியில் ஒருநாள் மிக்சர் பொட்டலத்தோடு கே.கே. நகருக்குப் போனேன். தங்கவேல்தான் பேச்சை எடுத்தான்.

“மச்சான், பொங்கல் முடிஞ்சதும் கோயம்புத்தூர் பூடலாம்னு கீறோம். எட்டு கோயில் லைட்டு வேலையும் ஒரே ஆளாண்ட தர்றேன்றாங்க. பெரிய ஆர்டரு.”

நான் கயலைப் பார்த்துக் கேட்டேன். “நீ வேணா இங்க நம்ம வூட்ல இரு. மாப்ள மாசத்துக்கு ரெண்டு தபா வந்துட்டுப் போவட்டும்.”

அவள் சிரித்தாள். “நல்லாக் கேட்டே போ. அவரு இல்லாம நான் மட்டும் இங்க குந்திக்கினு இன்னாண்ணா பண்ணப் போறேன்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். காப்பி நன்றாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

எங்கள் சந்தில் நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் இறந்துபோனார். கரண்ட் இல்லாத நாள். மழைச்சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளேயே ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டு நோட்ஸ் பிரதி எடுத்திருக்கிறார். ஷட்டரைத் தூக்கியபோது நாற்காலியிலேயே இருந்தார். முகம் நல்ல சிவப்பாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஜெனரேட்டர் புகையில் தூங்கினாற்போல் போயிருக்கிறார், கஷ்டப்பட்ட அடையாளமே கிடையாது. தங்கவேலும் கஷ்டப்படக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். என்ன இருந்தாலும் வீட்டு மாப்பிள்ளை.

ஊருக்குப் போகும் முன் வண்டியிலிருக்கும் பழைய ஊஃபர் பெட்டியை எடுத்துவிட்டுப் புதுசு போட்டுத் தருகிறேன், கார்த்திகை தீபத்துக்கு அண்ணன் சீராக இருக்கட்டும் என்றேன். மறுநாளே வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டான்.

மூன்று நாள் வேலை. முக்கால் அங்குலப் பலகை, பத்து அங்குல ஊஃபர் இரண்டு. நான் செய்ததிலேயே நல்ல பெட்டி அதுதான், போலீஸ்காரர்கள் கடப்பாறை போட்டுப் பிளந்துவிட்டார்கள். கேபினின் பின் சுவரில், பின் சீட்டு மறைவில், ஒயர் போவதற்கென்று வண்டியோடு வந்த ஓட்டை இரண்டு உண்டு, ரூபாய்க் காசைவிடப் பெரிசு. ரப்பர் மூடி போட்டிருக்கும். மூடியை எடுத்து ஒயரை விட்டுத் திரும்ப மூடவேண்டும். நான் எடுத்தேன், விட்டேன், மூடவில்லை. பெட்டி முன்னால் நின்றதால் வெளியே தெரியாது.

வண்டியை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டால் பேட்டரி இறங்கிவிடும். ஆகவே ஜெனரேட்டரிலிருந்து ஒரு சார்ஜர் கொடுத்தேன். ஜெனரேட்டர் ஆடினால் பாட்டில் இரைச்சல் கலக்கும். ஆகவே அது அசையாமல் இருக்க மரச்சட்டம் ஒன்று அடித்துக் கேபினை ஒட்டி உட்கார வைத்தேன். புகைக்குழாய் கேபின் பக்கம் திரும்பியிருந்தது. கார்த்திகை மாதம், மழைக்காலம். ஆகவே தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டினேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, ஐயா. எந்த ஃபிட்டரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள், ரப்பர் மூடி விஷயத்தைத் தவிர வேறெதிலும் குற்றம் சொல்ல முடியாது.

கடைசி நாள் பாஸை ஏற்றிவைத்துவிட்டு வண்டி முழுக்கக் கை வைத்துப் பார்ப்பேன். எங்கே ஆடுகிறதோ அங்கே பஞ்சு வைப்பேன், இறுக்குவேன், இல்லாவிட்டால் கழற்றுவேன். அன்றைக்கு ஜன்னல் ஏற்றி இறக்கும் கைப்பிடிகள் கிணுகிணுத்தன. மூன்றைக் கழற்றினேன். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுத்தான் கழற்றினேன். வேறு கைப்பிடி வாங்கி அடுத்த வாரம் மாட்டித் தருகிறேன் என்று தங்கவேலிடம் சொன்னேன். அவன் எதையும் ஏன் என்று கேட்கிற ஆள் இல்லை.

கேசட்டும் நானே பதிந்து கொடுத்தேன். தொண்ணூறு நிமிடக் கேசட். பக்கம் தானாகத் திரும்பும் செட்டு, யாரும் எழுந்து கை வைக்க வேண்டாம்.

“மாப்ள, இது ரோட்ல போய்க்கினே கேக்கற ஐட்டம் இல்ல” என்றேன். “பீச்சாண்ட நிறுத்திட்டு, ஜெனரேட்டரப் போட்டுட்டு, ஜன்னல ஏத்திக்கினு பின்னாடி குந்து. ஜன்னலத் தெறந்தா பாஸ் பூடும்.”

ஜன்னல் விஷயம் உண்மை. மூடிய வண்டியில்தான் பாஸ் நிற்கும். பொய் சொல்லி ஒருவரை ஏமாற்றும் பழக்கம் எனக்குக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனார்கள். தூறல். வண்டிக்கு வெளியே ஆள் இல்லை. ஆறரை மணிக்கு ஒரு டீக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகையில், வண்டிக்கு வெளியே ஒரு பெண்ணின் தலை தொங்குவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். தங்கவேல் பின் சீட்டில் இருந்தான். நான் நினைத்தபடியே முகம் சிவப்பாக, அமைதியாக இருந்ததாம். கேசட் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததாம், இரண்டாம் பக்கம்.

கயல் பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சி ஊற்றினேன், தலை பின்னிவிட்டேன். இப்போதும் கோணல் வகிடுதான். சரி, இனி வீட்டுக்குப் போகலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அவள் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு என் எதிரிலேயே சொன்னாள்.

“சார், அந்த வண்டில சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு ஓட்டை கீது. ரப்பர் இல்லாம உட்டாத்தான் உள்ள பொகை வரும். எங்கண்ணன் எத்தையும் தூக்கிப் போடாது. கட டிராயர்ல பாருங்க, கவர்ல போட்டு வண்டி நம்பர் எயிதி வச்சிருக்கும்.”

இருந்தது. வேறெப்படி இருக்கும்? எட்டு வருடப் பழக்கம். ரப்பர் மூடியைச் சாக்கடையில் எறிந்திருந்தால் இன்றைக்கு நான் இங்கே நிற்க வேண்டியதில்லை என்று இன்ஸ்பெக்டரே சொன்னார். வாடிக்கையாளர் சாமானை எப்படி எறிவது? கயல் அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம், சின்னப் பெண். ஆத்திரம் அடங்கட்டும், வருவாள்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். கயலுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை நீங்கள் பார்க்கவேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்கு எப்போதும் குமட்டும். சோதனைக்கு ஒரு பாட்டு கேட்பாள், உடனே இறங்கிவிடுவாள். ஊர் போகும்போது முன்னால் இடது பக்க சீட்டில்தான் உட்காருவாள். ஓட்டைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கஜத்துக்கு மேல் இருக்கும். கொல்ல நினைக்கிறவன் இதையெல்லாம் கணக்கில் எடுப்பானா?

அன்றைக்கு மட்டும் அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தானாம். ஒரு மாதமாக நடந்திருக்கிறது. கே.கே. நகரில் எல்லோருக்கும் தெரியுமாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஐயா. பாடம் முடிந்து வண்டியை நிறுத்திவிட்டு அவன் பின்னால் போய்ப் பாட்டுப் போட்டிருக்கிறான், இவள் அதே இடத்தில் இருந்திருக்கிறாள். தலை வலிக்கிறதென்று பக்கத்து ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டியிருக்கிறாள். அப்புறம் அவளுக்கு நினைவில்லை.

அந்தக் கவரை நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். ரப்பர் மூடி இரண்டு, கைப்பிடி மூன்று. பின் கதவு இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று, முன் கதவு இடது பக்கத்திலிருந்து ஒன்று. எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆடியதால் கழற்றினேன் என்று மூன்றுக்கும் காரணம் சொல்லிவிட்டேன், வேறு காரணம் கிடையாது. நான்காவதை ஏன் விட்டேன் என்று கேட்கிறீர்கள்.

டிரைவர் பக்கத்துக் கைப்பிடிதான் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆடியது. கயலுக்கு வண்டி ஓட்டத் தெரியாதே என்றுதான், ஐயா, அதை விட்டுவிட்டேன்.