பதினான்காம் ரேக்கின் மேல்தட்டு

என் பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி மூன்றையும் அடையாள அட்டையைப் பார்த்து காவல் நிலைய எழுத்தர் முதல் தாளில் எழுதிக்கொண்டார். அவை சரி. வயது ஐம்பத்தொன்று. தண்ணீர் பம்ப் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன், இப்போது ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர். அங்கே என்னைப் 'பூட்டு' என்று கூப்பிடுவார்கள். முன்பு சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. இப்போது எல்லாக் கதவுகளும் கார்டுக்குத்தான் திறக்கின்றன, பட்டப்பெயர் மட்டும் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததற்காக, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் டிரைவரை இங்கே பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் மேல் தப்பு இல்லை. அதைச் சொல்ல யாரும் கூப்பிடாமல் நானாகவே இன்று வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நிலையத்துக்கு வந்தேன். அடிபட்டவள் என் மனைவியின் தங்கை. எட்டு வருடத்துக்கு முன் அவளை ஸ்டோர்ஸில் எழுத்தராகச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

போன வருடம் தொழிற்சாலையில் புதிய திட்டமிடும் கம்ப்யூட்டர் முறை வந்தது. எந்தச் சரக்கு எப்போது வர வேண்டும், எந்த ரேக்கில் எந்தத் தட்டில் ஏற வேண்டும், எந்த டிரைவர் எடுக்க வேண்டும், எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று எல்லாவற்றையும் அதுவே சொல்லும். நாங்கள் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேன் செய்தால் போதும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. முன்பெல்லாம் பம்பில் தண்ணீர் கசியாமல் போடும் ஒரு சீல் வளையத்தைத் தேடி அரை நாள் அலைவோம், அதற்குள் மெஷின்காரர்கள் வந்து என்னைக் கிழிகிழி என்று கிழிப்பார்கள். முதல் இரண்டு மாதம் நானே வீட்டில் அதைப் பற்றிப் பெருமையடித்தேன். இந்த இடம் வழக்குக்குத் தேவையில்லை என்றீர்கள். எனக்குத் தேவை, எழுதுங்கள்.

அதன் பிறகு ஸ்டோர்ஸ் சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டினார்கள். வேலை திட்டப்படி நடந்தால் பச்சை, தாமதம் என்றால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. அதே திரை தலைமை அலுவலகத்திலும் தெரியும். சிவப்பு வந்த ஐந்தாவது நிமிடம் திட்ட அதிகாரிக்குப் போன் வரும், ஆறாவது நிமிடம் அவர் என் முன்னால் நிற்பார். அன்றிலிருந்து நாங்கள் பம்ப் செய்வதை விட்டுவிட்டுப் பச்சை செய்ய ஆரம்பித்தோம்.

பம்பின் வெளிக்கூடு வார்ப்பிரும்பு. வெளியிலிருந்து வார்த்து வரும். பத்தில் ஒன்று ஓட்டையோ விரிசலோ உள்ளதாக இருக்கும், அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்புகிறோம் என்று பதிந்தால் இருப்பு குறைந்து திரை சிவப்பாகும். இதைத் திட்ட அதிகாரியிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர், "பதியாதீங்கண்ணே. எங்கயாவது கண்ணுக்குத் தெரியாம வைங்க, லாரி வரும்போது பாத்துக்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

அதன் பிறகு விரிசல் விட்ட கூடுகளைப் பேலட் என்னும் மரப் பலகையில் அடுக்கி, பதினான்காம் ரேக்கின் ஐந்தாவது தட்டில், அதாவது எல்லாவற்றுக்கும் மேல்தட்டில் ஏற்றி வைத்தோம். தரையிலிருந்து இருபது அடிக்கு மேல். கம்ப்யூட்டரைக் கேட்டால் அந்தத் தட்டு காலி என்று சொல்லும். காலி என்பதால் சில நாள் புதுச் சரக்கை அங்கே ஏற்றச் சொல்லும். அதற்கும் நான் ஒரு வழி செய்தேன். அந்தத் தட்டின் ஸ்கேன் சீட்டை நகல் எடுத்துக் கீழே தூணில் ஒட்டினேன். எங்கள் பழைய டிரைவர் சரக்கைத் தரையில் இறக்கிவிட்டுத் தூணை ஸ்கேன் செய்வார், திரை பச்சையாகவே இருக்கும். "பூட்டு மூளையே மூளை" என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழு மாதம் இப்படி ஓடியது. திட்ட அதிகாரி அந்தத் தூணைத் தினமும் தாண்டித்தான் தன் அறைக்குப் போவார். ஏழு மாதமும் அது அவர் கண்ணில் படவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை காலை, பழைய டிரைவர் மணிக்குப் பதினோரு நிமிடம் சும்மா நிற்கிறார் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, அவரை லாரி ஏற்றும் பக்கம் அனுப்பிவிட்டது. அந்த இடத்துக்கு ஒப்பந்தக்காரர் அனுப்பிய டிரைவர் வந்தார். இப்போது உங்களிடம் இருப்பவர் அவர்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். வந்ததும் எனக்கு வணக்கம் சொன்னார். நான் பதில் வணக்கம் சொன்னேன். தூணைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் போன் வந்தது. பேசி முடித்தபோது மறந்துவிட்டது.

அதன் பிறகு பத்து நாற்பதுக்கு அவருடைய வண்டித் திரையில் பதினான்காம் ரேக், ஐந்தாவது தட்டு, காலி என்று வந்தது. வண்டிக்குத் தலைக்கு மேல் கம்பிக் கூரை உண்டு, அதற்குள் உட்கார்ந்தால் மேல்தட்டு தெரியாது. சொன்னபடி சரக்கைத் தூக்கித் தட்டில் தள்ளினார். காலியான தட்டில் யாரும் அப்படித்தான் தள்ளுவார்கள். உள்ளே இருந்த எங்கள் பேலட் பின்பக்கமாக நகர்ந்து, ரேக்குகளுக்கு நடுவிலுள்ள அடுத்த சந்தில் விழுந்தது. ஒவ்வொரு கூடும் பதினெட்டு கிலோ. மொத்தம் இருபத்தாறு.

அந்தச் சந்தில் என் மைத்துனி இருந்தாள்.

சத்தம் கேட்டு நான்தான் முதலில் ஓடினேன். இடுப்புக்கு மேலே அவளுக்கு ஒன்றுமில்லை, சட்டையில் தூசிகூட இல்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே கூடுகளுக்கு அடியில் இருந்தது. அவள் கத்தவில்லை. டிரைவர்தான் கத்தினார். வண்டியிலிருந்து குதித்து வந்து வெறும் கையால் கூடுகளைப் புரட்டினார், அவர் விரல் நகம் பெயர்ந்ததை நான் பார்த்தேன். தப்பி ஓடப் பார்த்தார் என்று தொழிற்சாலை கொடுத்த புகாரில் இருக்கிறதாம். அவர் ஓடியது முதலுதவிப் பெட்டி எடுக்க. எழுதியவன் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அப்போது அவள் கையிலிருந்து ஒரு தாள் கீழே விழுந்தது, அதை எடுத்து என் பையில் வைத்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆம்புலன்ஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். திரை பச்சையாக இருந்தது. அன்று மத்தியானமே அவள் காலை எடுத்துவிட்டார்கள்.

அன்று என் மனைவியிடம் நான் எதையும் சொல்லவில்லை. "அந்த டிரைவர் வெளிய வரக் கூடாது, சொல்லிட்டேன். நீங்க போய்ச் சொல்லுங்க அவங்ககிட்ட" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாள். நான் சரி என்றேன்.

புதன்கிழமை காலை தொழிற்சாலையின் விசாரணை அறிக்கை வந்தது. ஒரே நாளில் முடித்துவிட்டார்கள், பம்ப்கூட அவ்வளவு வேகமாகச் செய்ததில்லை. அதில் தப்பு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேலே பார்க்காத டிரைவர். இன்னொருவர் சந்துக்குள் நுழையும்போது கார்டு காட்டாத என் மைத்துனி. சந்து முனையில் கார்டைக் காட்டினால் பக்கத்துச் சந்துகளில் வண்டிகள் தானாக நின்றுவிடும். அவள் காட்டவில்லை, அது உண்மை. விழுந்த சரக்கு ஏது என்று அறிக்கையில் ஒரு வரி இல்லை. கம்ப்யூட்டர் கணக்கில் அந்தத் தட்டு அப்போதும் காலி.

அன்று மத்தியானம் திட்ட அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். "அண்ணே, ரெண்டு பேரோட முடிஞ்சிரும். நீங்க நடுவுல புகுந்து எதுக்குக் குழப்பறீங்க? உங்க மைத்துனிக்கு வேற வேலை பாத்துத் தரலாம்" என்றார். கால் போனவள் மேல் பழியைப் போட்டுவிட்டு அவளுக்கே வேலை பார்த்துத் தருகிறாராம். அவரை எழுந்து போகச் சொன்னேன். தூணில் நான் ஒட்டிய சீட்டு கிழிக்கப்பட்டிருப்பதாகப் பழைய டிரைவர் போனில் சொன்னார். பசை காய்ந்த தடம் இருக்கும், போய்ப் பாருங்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மைத்துனி கண் விழித்து, "மாமா, அந்த டிரைவர விட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு, "நான் கார்டு காட்டாமப் போனது யாருக்கும் தெரியாதுல்ல? தெரிஞ்சா வேலை போயிரும் மாமா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கேட்கவில்லை.

இதுவரை திட்ட அதிகாரியைத் திட்டியே சொல்லிக்கொண்டு வந்தேன், அதில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். இனி என்னைப் பற்றி எழுதுங்கள்.

புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வருவதாக இருந்தது. பதினைந்தாம் ரேக்கில் சீல் எண்ணிக்கை கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகவில்லை. கையால் எண்ணச் சொல்லிச் செவ்வாய்க்கிழமை காலை அவளை அனுப்பியவன் நான். கார்டு காட்டினால் வண்டிகள் நின்று திரை மஞ்சளாகும். அதனால், "கார்டு காட்டாமப் போயிட்டு வாம்மா, பத்து நிமிஷ வேலைதானே" என்று சொன்னவனும் நான். பதினான்காம் ரேக்கின் மேல் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். நான் சொன்னதால் போனாள்.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இதை மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கார்டு காட்டாதே என்று யாரும் சொல்லவில்லை, கையால் எண்ணும் வழக்கமே எங்களிடம் இல்லை, அப்படி ஒரு தாளும் இல்லை என்று தொழிற்சாலை சொல்கிறது. இரண்டு நாளாக என் சட்டைப் பையில் இருந்த தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன். பென்சிலில் பதினேழாவது பெட்டி வரை எழுதியிருக்கிறாள், பதினெட்டுக்கு எண் மட்டும் போட்டிருக்கிறாள். அறிக்கையில் அவள் பெயரும் டிரைவர் பெயரும் இருக்கும் இடத்தில் என் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் திட்ட அதிகாரிக்கும் இடம் விடுங்கள்.

எழுதியதை எழுத்தர் நிதானமாகப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை, சொல்லவிடாமல் செய்ய வந்தவரைப் பற்றி மேலே இருக்கிறது. தாளின் தலைப்பில் 'ரேக் 15, கையால் எண்ணவும், கார்டு வேண்டாம்' என்று நீல மையில் எழுதியவன் நான். கீழே போடும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

(ஒப்பம்)