ட்ரெபிள் இல்லாத பெட்டிகள்

அலமாரி ஸ்பீக்கரை அலமாரியில் வைக்கக் கூடாது. பேர்தான் அப்படி. முதுகு சுவரோடு ஒட்டியிருந்தால் பாஸ் என்கிற கனத்த ஒலி உப்பிப்போய், பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருக்கும். உங்கள் ஸ்டேஷன் முன்னறையிலும் தப்பாகத்தான் வைத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். போகட்டும். பக்கத்தில் இருக்கும் பெண் அதிகாரியைக் கொஞ்சம் வாயைத் திறந்து பேசச் சொல்லுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாருக்குமே முணுமுணுப்பு.

டென்மார்க்கில் ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் ஹோல்கர் ராவ்ன் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார்கள். முகதாட்சண்யத்துக்காக ஒரு வார்த்தை நான் கூட்டி எழுதியதில்லை. லெம்விக்கில் சிசெல் என்பவள் தன் பட்டறையில் செய்த ஜோடி ஒன்று வந்தது. பெர்ச் மரப் பெட்டி, இழைப்பு அருமை. பாஸ் அளவோடு இருந்தது. பாடகியின் குரல் நட்டநடுவில் வந்து நின்றது. ட்ரெபிள் என்கிற மெல்லிய உச்ச ஒலிதான் இல்லை. தாளத்தட்டுச் சத்தம் போர்வைக்கு அடியில் கிடந்தது. ஒன்பதாயிரம் குரோனர் அநியாயம், பாதி விலைக்கும் தேறாது என்று எழுதினேன். கடைக்காரர்கள் அவள் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

சனிக்கிழமை காலை, இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். பட்டறையை மூட வேண்டியதாகிவிடும், கூட வேலை செய்கிற இருவரும் நடுத்தெருவில் நிற்பார்கள், இன்னொரு தடவை சேர்ந்து கேட்போம் என்றாள். கேட்பதற்கென்றே தோட்டத்துக் கொட்டகையில் ஓர் அறை கட்டியிருக்கிறேன். ஜன்னல் கிடையாது, கதவு முழுக்கப் பஞ்சு. ஸ்பீக்கரில் ஏதோ கருவியைச் செருகி, ஒலி வந்ததும் கையைத் தூக்கச் சொன்னாள். காத்திருந்தேன். அவள் எதையும் போடவே இல்லை. என் நாய் ட்ரோல் மட்டும் எழுந்து, காதை விறைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்தது.

அவள் கருவியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஹோல்கர், பெட்டில குறை இல்ல. உங்க காதுலதான். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். அந்த விமர்சனத்த மட்டும் மாத்தி எழுதிடுங்க."

என் தோளில் கையையும் வைத்தாள். வைதிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பரிதாபப்பட்டாள், அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்கயே இரு, வேற ஒயர் எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, நாயோடு வெளியே வந்து கதவைப் பூட்டினேன். உள்ளே விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் புகைக்குழாய் கொட்டகையின் முன்பக்கமாகத்தான் மேலே போகிறது. புகை உள்ளேயே திரும்பட்டும் என்று, குழாயை அடைக்கும் தகட்டைத் திருப்பி மூடினேன்.

கொல்லும் எண்ணம் இல்லை. அறைக்கு உள்ளே ஒன்றும் வெளியே முன்பக்கத்தில் ஒன்றுமாகப் புகை அலாரம் இருக்கிறது. ஒன்று அடித்தால் மற்றதும் அடிக்கும். அடித்த உடனே திறந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். கொஞ்சம் பயந்தால் போதும். அலாரத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாரிடமும் நான் நியாயம் தவறியதில்லை.

அவள் கதவைத் தட்டியது கேட்டது. கனமான ஒலி, உப்பல் இல்லாமல் சுத்தமாக வந்தது. அறையை நன்றாகத்தான் கட்டியிருக்கிறேன். ட்ரோல் அலாரத்தைப் பார்த்து ஊளையிட்டது, என் கால்சட்டையைக் கவ்வி இழுத்தது. சும்மா கிட என்று அதட்டினேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. அதன் பிறகும் அலாரத்துக்காகக் காத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு பிர்கிதே, கீச்சென்ற அலாரச் சத்தம் கேட்டுத்தான் வேலி தாண்டி ஓடிவந்தேன் என்று சொன்னாளாம். அவளுக்கு ஒலியைப் பற்றி என்ன தெரியும்.

கதவைப் பூட்டியது நான், தகட்டை மூடியது நான். இரண்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சிசெல் செத்தது இந்த ஓட்டை அலாரத்தால். நீங்களே மேஜைமேல் வைத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பெண் அதிகாரி எதற்குக் காதைப் பொத்திக்கொள்கிறாள் என்று தெரியவில்லை. பாருங்கள், இப்போதுகூட அது அடிக்கவில்லை.