ரயில் வராத ஊருக்கு ஒரு ஸ்டேஷன்

இல்லைங்க, இராமச்சந்திரன் சார்! நீங்க சொன்னது தப்புங்க! "ரயிலே இல்லாத ஊருக்கு ஸ்டேஷன் மாடலா? அசல் எங்கய்யா? இல்லாத கட்டடத்தை எந்தக் கணக்குல சுருக்குனே?"ன்னு நேத்து இதே பந்தல்ல, பந்தல்காரன் முன்னாலயே கேட்டீங்களே, அதுக்கு இன்னைக்குப் பதில் சொல்றேன், எந்திரிச்சு நில்லுங்க! எந்திரிச்சு... எங்கங்க அவரு?

பெங்களூருக்குப் போயிட்டாரா? பேரனுக்குப் பொறந்தநாளா?

அட ராமா! குளிக்கறப்ப, சாப்புடறப்ப எல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணுன சண்டைங்க இது! சரி, அவரு நாற்காலியில குடையை மறந்து வெச்சுட்டுப் போயிருக்காரு பாருங்க. அது போதும். குடை சார், நல்லாக் கேட்டுக்குங்க. நடுவுல விரிஞ்சுடாதீங்க.

என்ன மாரக்கா, கையைக் காட்டறே? ஓ, வணக்கம் சொல்லலையா? சொல்லிடறேன், சொல்லிடறேன்.

இந்தத் தோட்ட ரயில் விழாவின் தலைமையை ஏற்று, தலைக்கு மேல் ஆடுகின்ற பந்தல் மின்விசிறி தன் தலையில் விழுந்துவிடுமோ என்று தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் நிர்மலா டீச்சர் அவர்களே! இந்தத் தோட்டத்திற்குத் தந்தையும், தண்டவாளத்திற்குத் தாயும், எனக்கு மட்டும் தலைவலியுமான நண்பர் இஸ்ரவேல் அவர்களே! பக்கத்து வீட்டிலிருந்து பாயசத் தூக்கோடு வந்து, பாதியை வழியிலேயே ருசி பார்த்துவிட்ட கௌரம்மா அவர்களே! ஏனு கௌரம்மா, என் தமிழ் அர்த்த ஆகுத்தா? புரியலைன்னா எல்லாரும் சிரிக்கறப்ப நீங்களும் சிரிச்சுடுங்க, யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க. பெரியோர்களே, பெற்ற தாய்மார்களே, தமிழில் திட்டினால் கன்னடத்தில் பதில் சொல்லும் தங்கப் பிள்ளைகளே! எல்லாத்துக்கும் மேலாக, என் வீட்டு எதிர்க்கட்சித் தலைவி மாரக்காள் அவர்களே! உங்கள் அனைவருக்கும் ஆனூர் ஜடையனின் அன்பு கலந்த, ஆசை கலந்த, கொஞ்சம் பயமும் கலந்த வணக்கம்!

அதோ, கேக்குதுங்களா? கடகடகடன்னு? வண்டி வருது. முருங்கை மரத்தடியில கெளம்புது, கனகாம்பரப் பாத்தியைச் சுத்துது, தண்ணித் தொட்டிக்குப் பின்னால போகுது, அங்கதான் என் ஸ்டேஷன் இருக்குது... நிக்குமா? நிக்குமா?

போயிருச்சுங்க. நிக்கல.

புதுசா வந்திருக்கறவங்களுக்குச் சொல்லிடறேன். இந்தக் குட்டி ரயிலைத் தோட்டத்துல ஓட விட்டவரு இஸ்ரவேலு. ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. "ஸ்டேஷன் ஒண்ணு கட்டிக் குடுடா, உனக்குப் புடிச்ச ஊரு"ன்னு என்னைக் கேட்டாரு. ரயிலே வராத கொள்ளேகாலுக்குக் கட்டினேன். நம்ம தோட்ட ரயில் நண்பர்கள் குழுவுக்குச் செயலாளர் இராமச்சந்திரன் சார், "அதைத் தூக்கிப் போடு, அந்த எடத்துல மைசூர் ஸ்டேஷனை அச்சு அசலா நான் வெக்கறேன்"ங்கறாரு. தோட்டம் இஸ்ரவேலோடது, தீர்ப்பும் அவரோடது. இன்னைக்கு இந்த விழா முடியறதுக்குள்ள வண்டியை அங்க நிறுத்துனார்னா ஸ்டேஷன் இருக்கும். நிறுத்தலைன்னா, விடிஞ்சதும் அதைப் பேத்து என் கையில குடுத்துருவாரு. நான் அதைத் தூக்கிக்கிட்டு டவுன் பஸ்ஸுல போவேன். கண்டக்டர் அதுக்கு அரை டிக்கெட் கேப்பான். இதான் பிரச்சினை.

நான் யாருன்னு கேக்கறீங்களா? நாலாங்கிளாஸ் வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு உள்ள இருந்தேன். அப்புறம் பிரைவேட் பஸ்ஸுல, மைசூர் கொள்ளேகால் லைன்ல, ஃபுட்போர்டுல இருந்தேன். "கொள்ளேகால், கொள்ளேகால், கொள்ளேகால்! டி.நரசீபுரம் எல்லாம் பின்னால போ!" இந்தத் தொண்டை இருக்குதே, இது மைக் கண்டுபுடிக்கறதுக்கு முன்னாலயே வேலை பார்த்த தொண்டை!

எத்தனையோ ஊர் இருக்க, கொள்ளேகால் ஏன்? காரணம் முன் வரிசையில உக்காந்து முறைக்குது. எங்க மாமனார் பொண்ணு குடுக்கறப்ப என்ன சொன்னாரு தெரியுங்களா? "எங்க ஊருக்கு ரயில் வரப்போகுது மாப்ளே, நீங்க வந்து போகச் சௌரியமா இருக்கும்." பொண்ணு வந்துச்சு. ரயில் வரல!

என்ன சொல்றே மாரக்கா? "பொண்ணு வந்ததே உங்களுக்கு அதிகம்"ங்குது. கை தட்டுங்க, தட்டுங்க. எதிர்க்கட்சிக்கும் நாலு ஓட்டு விழட்டும்.

அன்பார்ந்தவர்களே! ஆசை யாரை விட்டது? நான் கேட்டேன் என்னை நானே. கொள்ளேகாலுக்கு ஒரு ரயில் வந்தால் எப்படி வரும்? வந்த ரயிலில் யார் ஏறுவார்? ஏறுகின்றவர் கையில் என்ன இருக்கும்? தலையில் என்ன இருக்கும்? காத்திருக்கும் நேரத்தில் எங்கே உட்காருவார், எதில் சாய்வார், எந்தத் திசையில் எட்டிப் பார்ப்பார்? கண்டவர் உண்டா? சொன்னவர் உண்டா? ஒருத்தருக்கும் தெரியாதுங்க! தெரியாது என்று தெரிந்ததும் எனக்கு ஒரே குடைச்சல். இஞ்சி டேப்பை எடுத்துக்கிட்டு நேரா கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உக்காந்துட்டேன்.

பாத்தேங்க. பெஞ்சு காலியாத்தான் கெடக்குது. பொம்பளைங்க யாரும் அதுல உக்காரல. அவங்கவங்க பையைக் கீழ வெச்சு, அந்தப் பைக்குப் பக்கத்துல, சுவரோரமா, தரையில உக்காந்துக்கறாங்க. ஏன்? பை போயிடுமேன்னு. அப்ப என் ஸ்டேஷனுக்குப் பெஞ்சு எதுக்கு? சுவரைச் சுத்தித் தாழ்வா ஒரு மேடை போதும்! எழுதிக்கிட்டேன். எழுதலைங்க, எனக்கு எங்க எழுத வருது, மனசுல போட்டுக்கிட்டேன்.

அப்ப ஒரு பொம்பளை, பேரு ஜோதிமணியாம், பட்டுச் சேலை மூட்டையோட வந்துச்சு. நான் எந்திரிச்சுப் போனேன்.

"அம்மிணி, அந்த மூட்டையைக் கொஞ்சம் தலையில வெய்யி."

"எதுக்குங்க? லக்கேஜுக்கு டிக்கெட்டுங்களா?"

"இல்ல, அளக்கணும். ஸ்டேஷன் கட்டறேன்."

"அப்புடிங்களா! எங்கீங்க?"

"மைசூர்ல. ஒருத்தரு வீட்டுத் தோட்டத்துல. முருங்கை மரத்துக்குப் பக்கத்துல."

அது என்னை மேலயும் கீழயும் பார்த்துச்சு. குரலை ஒரு மாதிரி தணிச்சுக்கிட்டு, "ஐயா, சாப்ட்டீங்களா? வீட்ல உங்களைப் பாத்துக்க யாராச்சும் இருக்காங்களா?"ன்னு கேட்டுச்சுங்க!

சிரிக்காதீங்க டீச்சர், தலைவர் சிரிச்சா விழா மரியாதை என்ன ஆகறது? ஆனா அடுத்து என்ன பண்ணுச்சு தெரியுங்களா? மூட்டையைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு, அசையாம நின்னுச்சு. அளந்து முடிக்கற வரைக்கும் நின்னுச்சு. பஸ் ஏறறப்பத் திரும்பி, "வாசல்ல இடிக்காமக் கட்டுங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

இடிக்குமா? இடிக்க விடுவேனா? இராமச்சந்திரன் சார்தான் எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தாரு. இருபத்திரண்டரையில ஒரு பங்கு. ஆனையா இருந்தாலும் இருபத்திரண்டரையால வகுக்கணும். அஞ்சரை அடி ஆளு மூணு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. மாரக்காளை வகுத்தா... வேண்டாங்க, ராத்திரிச் சோத்தை அது வகுத்துடும். ஊர்ல எல்லாரும் வாசலுக்கு ஏழடி வெப்பாங்க. நான் ஜோதிமணிக்கும் மூட்டைக்கும் சேர்த்து ஒம்பதடி வெச்சேன். சுருக்குனா அஞ்சு அங்குலத்துக்குச் சித்தே கம்மி. "வாசல் ஏன் இவ்வளவு உசரம்? யாரு வர்றா, ஒட்டகமா?"ன்னு கேட்டீங்களே குடை சார், ஒட்டகம் இல்லைங்க, ஜோதிமணி!

கட்டின கதை கேளுங்க. முதல்ல அட்டையில கட்டினேன். ஒரு மழை. காலைல வந்து பார்த்தா ஸ்டேஷன் தோசை மாதிரி படுத்துக் கெடக்குது. அப்புறம் சமையல்கட்டு அலமாரிக்கு அடிப்பாங்களே ஃபோம் ஷீட்டு, அதுல சுவரு. எண்ணெய் டின்னை வெட்டி, மரை போட்ட போல்ட்டு மேல வெச்சு அழுத்தி அழுத்தி, வரி வரியாத் தகரக் கூரை. தூணுக்கு என்ன பண்றது? கொள்ளேகால் தறியில நூல் சுத்தற தார்க்குச்சி, ஒடஞ்சதைத் தூக்கிப் போட்டிருந்தாங்க, பொறுக்கிட்டு வந்தேன். சன்னல் கண்ணாடிக்கு, பட்டுச் சேலை டப்பாவுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்குமே, பளபளன்னு...

ஆமா மாரக்கா, அந்த டப்பாதான். எலி கடிச்சுதுன்னு சொன்னேன்ல? அந்த எலி நான்தான். சபையில சொல்லிட்டேன், இனி நீ ஒண்ணும் பண்ண முடியாது.

வண்டி மறுபடி வருதுங்க. கனகாம்பரம்... தொட்டி... ம்ஹூம். போகுது. கொள்ளேகால் வண்டி கொள்ளேகால்ல நிக்காமப் போகுது. போகட்டும்.

கட்டி முடிச்சு, வெள்ளையடிச்சு, முன்பக்கம் டீக்கடை, வெத்தலைக்கடை, பூக்கடை எல்லாம் வெச்சு, தலையில தூக்கிட்டு வந்து தண்டவாளத்தோரமா எறக்கினேன். இஸ்ரவேலு சுத்திச் சுத்திப் பார்த்தாரு. குனிஞ்சு பார்த்தாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு மாட்டிட்டுப் பார்த்தாரு. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"ஜடையா, ரயில் எந்தப் பக்கம் வருது?"

எனக்கு அப்பத்தாங்க பொறி தட்டுச்சு! கடை எல்லாம் ரோட்டுப் பக்கம். வாசல் ரோட்டுப் பக்கம். தூணு, மேடை, கூரையோட நிழலு, எல்லாம் ரோட்டுப் பக்கம்! ரயில் வர்ற பக்கம் என்ன இருக்குது? மொட்டைச் சுவரு! சன்னல்கூட இல்ல! ஆயுசு முழுக்க பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவன், அளவு எடுத்ததும் பஸ் ஸ்டாண்டுல! ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு ரயில்வே ஸ்டேஷன் கட்டியிருக்கேங்க நான்! டிக்கெட் வாங்கினவன் எப்படி ரயிலேறுவான்? கூரை மேல ஏறிக் குதிப்பானா?

சிரிங்க, நல்லாச் சிரிங்க. நானும் அன்னைக்குச் சிரிச்சேன். இஸ்ரவேலு சிரிக்கல. உள்ள போயி ரம்பத்தை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தாரு. அந்தப் பின்சுவத்தை அறுத்து, ரயில் பக்கம் ஒரு வாசல் போட்டேன். அதுவும் ஜோதிமணி அளவுக்கு. அறுத்த ஓரம் இன்னும் பிசிறு பிசிறா இருக்குது. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அந்த ஸ்டேஷனைப் பத்தி அவரு ஒரு வார்த்தை பேசலைங்க. நல்லா இருக்குதுன்னும் சொல்லல, நாசமாப் போச்சுன்னும் சொல்லல. இதோ, இப்பவும் எப்படி உக்காந்திருக்காரு பாருங்க, சிக்னல் கம்பம் மாதிரி!

இராமச்சந்திரன் சார் அந்தப் பிசிறைப் பார்த்தாரு. "இதுலயே தெரியுதே, இது ஸ்டேஷன் இல்ல, பஸ் ஸ்டாண்டு. இதுக்கு அசலே கெடையாது"ன்னாரு.

குடை சார் அவர்களே! இப்போது கேளுங்கள்! காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்!

ரயிலைக் கண்ணால் காணாத ஊர், ரயில் நிலையத்தை எப்படிக் கட்டும்? கேட்கிறேன், எப்படிக் கட்டும்? பார்த்ததை வைத்துத்தானே கட்டும்? பழகியதை வைத்துத்தானே கட்டும்? பஸ்ஸைப் பார்த்த ஊர் பஸ்ஸைப் பார்த்துத்தானே வாசல் வைக்கும்? நாளைக்குக் கொள்ளேகாலுக்கு ரயில் வருதுன்னு வெச்சுக்குங்க. ஊர்க்காரங்க கையில கட்டச் சொல்லுங்க. என்னை மாதிரியே ரோட்டைப் பார்த்துக் கட்டுவாங்க! டீக்கடையை முன்னால வெப்பாங்க! பூக்கடையைப் பக்கத்துல வெப்பாங்க! அப்புறம் ரயில் வந்து பின்னால நின்னு கூவும். "அய்யய்யோ, இந்தப் பக்கமா வருது!"ன்னு ஆளுக்கொரு கடப்பாரையைத் தூக்கிட்டு ஓடுவாங்க! சுவரை உடைப்பார்கள்! சிரித்துக்கொண்டே உடைப்பார்கள்! உடைத்த வழியாகவே ஓடிப்போய் ஏறுவார்கள்!

அசல் எங்கே என்று கேட்டீர்களே! இதோ, அந்த உடைந்த சுவர்தான் அசல்! அந்தப் பிசிறுதான் அசல்! மைசூர் ஸ்டேஷனில் அந்தப் பிசிறு உண்டா? பெங்களூரில் உண்டா? வேறெந்த ஊரில் உண்டு? கட்டடம் இன்னும் வரவில்லை ஐயா, ஆனால் காத்திருக்கிறவள் வந்துவிட்டாள்! மூட்டையோடு வந்துவிட்டாள்! நான் அளந்தது அவளை! நான் சுருக்கியது அவள் நின்ற நிலையை! ஆகவே, என் அருமை நண்பர் இஸ்ரவேல் அவர்களே, இந்த மாபெரும் சபையிலே உங்களை நான் கேட்டுக்கொள்வதெல்லாம்...

இஸ்ரவேலு? எங்க எந்திரிச்சுட்டே? உக்காரு, இன்னும் முடிக்கல. கடைசி வரி பாக்கி இருக்குது, அதுதான் இருக்கறதுலயே நல்ல வரி! டீச்சர், அவரை உக்காரச் சொல்லுங்க. கோவமா? சிக்னல் கம்பம்னு சொன்னதுக்கா? வாபஸ் வாங்கிக்கறேன்யா! திரும்பிக்கூடப் பாக்கலையே. செருப்பை வேற மறந்துட்டுப் போறாரு.

வீட்டுக்குள்ளதான் போறாரு... இல்லைங்க. முருங்கை மரத்துப் பக்கம் திரும்பறாரு. ரயிலோட சுவிட்சுப் பெட்டி இருக்கற எடம்.

வண்டி வருது. கனகாம்பரம் தாண்டிருச்சு. தொட்டிக்குப் பின்னால...

சத்தத்தைக் காணமே.

சத்தத்தைக் காணமேங்க! யாராச்சும் எட்டிப் பாருங்க! மாரக்கா, நீ பாரு... ஏ மாரக்கா, நீ எங்க கெளம்பிட்டே? பையை எதுக்கு எடுத்துக்கறே? பேச்சு இன்னும் முடியலை! என்னது? சத்தமாச் சொல்லு, கேக்கல!

"எங்க ஊரு வந்துருச்சுங்க, நான் எறங்கறேன்"ங்குது.

டீச்சர், நீங்களுமா? கௌரம்மா, பாயசத்தை வெச்சுட்டாவது போங்க! சரி. தலைவர் இல்லாத மேடையில நன்றியை யாருக்குச் சொல்றது? குடை சார், நீங்க ஒருத்தராவது கடைசி வரைக்கும் உக்காந்திருந்தீங்க, உங்களுக்கு நன்றி, உங்களுக்கு வணக்கம்.

கொள்ளேகால்! கொள்ளேகால்! கொள்ளேகால் எல்லாம் எறங்கு! மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டே போங்கம்மா, வாசல் இடிக்காது!