ரிங் செட் ஆகற வரைக்கும்

கதவைச் சாத்துங்க மாப்பிள்ளை. சரியா சாத்தல, இன்னொரு தடவை. ஆங்.

நான் எதுக்கா? என் பொண்ணைத்தானே கூட்டிட்டு வரப் போறீங்க? நீங்க கூப்பிட்டா ரயில்ல இருந்து இறங்குவாளா அவ? நான் கூப்பிட்டா இறங்குவா. எடுங்க வண்டிய.

மெதுவா. மெதுவான்னேன்!

கேக்குதா அந்த டக்டக்? பிஸ்டன். நீங்கதானே ஆசைப்பட்டீங்க, வண்டியோட வந்தது வேணாம், ஃபோர்ஜ்டு பிஸ்டன்தான் வேணும், அதைத் தாங்கற ராடும் அதுக்கேத்த மாதிரி மாத்துன்னு. மாத்தியாச்சு. அடிச்சு செஞ்ச பிஸ்டன் சூடானாதான் விரியும். அதுவரைக்கும் சிலிண்டருக்குள்ள இப்படித்தான் ஆடும். பிஸ்டனைச் சுத்தி மாட்டற ரிங்கும் புதுசு, ஓடி ஓடித்தான் சுவர்ல படியும். இன்னும் செட் ஆகல. இப்ப மிதிச்சீங்க, சிலிண்டர் சுவர்ல கோடு விழும். அப்புறம் மொத்தத்தையும் மறுபடி பிரிக்கணும்.

வேற வண்டியா? ஷெட்டைப் பாத்தீங்கல்ல. ஒண்ணுக்கு இன்ஜின் தரையில கிடக்கு, இன்னொண்ணுக்குச் சக்கரமே இல்ல. உங்க சிநேகிதன் பெட்டியோட அவளை ஸ்டேஷன்ல பாத்தேன்னு சொல்லி உங்களை இங்க இறக்கி விட்டுட்டு ஓடிட்டான். இருக்கறது இதுதான். ஓட்டுங்க.

ஃபோனைக் கீழ வைங்க. ஸ்விட்ச் ஆஃப்னு அந்தப் பொம்பளை எத்தனை தடவை சொல்லுவா? அடுத்த தடவை மாத்திச் சொல்லப் போறாளா? வைங்கன்னா. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வைங்க.

சும்மா சொல்லல. இது உங்க பழைய டர்போ இல்ல, இதை விடப் பெருசு. கீழ ஒண்ணும் தெரியாது, தூங்கற மாதிரி இருக்கும். திடீர்னு காத்து மொத்தமா வந்து இறங்கும். அப்ப ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். முன்சக்கர வண்டில அதுதான் தொல்லை. இழுக்கறதும் அதே ரெண்டு சக்கரம், திரும்பறதும் அதே ரெண்டு சக்கரம். பின்னால இருக்கற ரெண்டும் சொகுசா கூட வருது. எல்லா வேலையையும் ஒரே பக்கம் கட்டிட்டு, மேல மேல ஏத்திக்கிட்டே போனா? ஒருநாள் பிச்சுக்கிட்டுப் போகத்தான் பாக்கும்.

இல்ல மாப்பிள்ளை. வண்டியத்தான் சொல்றேன்.

ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க. ரெண்டாயிரத்து ஐநூறு தாண்டக் கூடாது. தாண்டாதீங்க! அந்த லாரிக்காரன் போனா போகட்டும். அவனுக்கு என்ன, பழைய இன்ஜின். ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

நேரம் இருக்கு. பயப்படாதீங்க.

எங்கிட்டயா? எங்கிட்ட என்ன சொல்லுவா. பேச்சு எப்பவும் அவ அம்மாகிட்டதான் இருந்துது. அவ அம்மா போய்ச் சேந்ததுக்கு அப்புறம் எங்க வீட்ல ரேடியோதான் பேசுது. நான் பேசற ஆளா? ஆமா, இன்னைக்கு வாய் கொஞ்சம் ஓடுது. இன்ஜின் சத்தம் கேட்டா அப்படித்தான் எனக்கு.

எல்லா வீட்லயும் சண்டை இருக்கும்னா? இருக்கும். நான் இல்லைங்கலையே. போன மழைக்கு அவ மணிக்கட்டுல கட்டு போட்டுக்கிட்டு வந்து நின்னா. கதவு இடிச்சிருச்சுப்பான்னா. நான் சரின்னு சொல்லிட்டு காபி போட்டேன்.

எந்தக் கதவு மாப்பிள்ளை அது?

சரி விடுங்க. ரோட்டைப் பாருங்க. முள்ளு ஏறுது பாருங்க, காலை எடுங்க. காலை எடுங்கன்னேன்!

அந்தப் பெட்ரோல் பங்க்ல ஓரமா ஒதுக்குங்க. பெட்ரோல் இருக்கு. டர்போவுக்குப் போற ஆயில் குழாயைப் பாக்கணும். கசிஞ்சு சூட்டுல சொட்டினா குப்புனு பிடிக்கும். அப்புறம் நீங்க ஸ்டேஷனுக்கு நடந்துதான் போகணும். எரியற வண்டிய விட்டுட்டு நடப்பீங்களா? மாட்டீங்க. எனக்குத் தெரியும். ஒதுக்குங்க.

டேஷ்போர்டை ஏன் அடிக்கறீங்க? அது என்ன பண்ணுச்சு உங்களை?

பானெட் லீவரை இழுங்க. நீங்க உள்ளேயே இருங்க.

...

ம். ஒண்ணும் இல்ல. காஞ்சுதான் இருக்கு. சொட்டு இல்ல. என்ன, நேரம் ஆச்சா? வயசாளிங்க, குனிஞ்சா நிமிர நேரம் ஆகும். துணி எங்க வச்சேன்... இந்தா இருக்கு. கை துடைச்சுக்கறேன், சீட்டு அழுக்காச்சுன்னா நீங்கதானே வருத்தப்படுவீங்க. எடுங்க.

கத்தாதீங்க மாப்பிள்ளை. காது நல்லாத்தான் கேக்குது எனக்கு. உங்க இன்ஜினுக்காகத்தான் இத்தனையும். என் வண்டியா இது? கெட்டுப் போகட்டும்னா மிதிங்க. நான் தடுக்கல. மிதிங்க. சிலிண்டர் பூராவும் கோடு விழட்டும்.

ம்? ஏன் மிதிக்கல?

சரி. அப்படியே போங்க.

மேம்பாலம் வேணாம். அங்க ஊர்ந்து ஊர்ந்துதான் போகணும். புது இன்ஜின், நின்னு நின்னு போனா சூடேறும். இடது பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ரோடு போகுது பாருங்க, அதுல விடுங்க. ரயில்வே கேட்டைத் தாண்டினா ஸ்டேஷன் பின்பக்கம் வந்துரும். எத்தனை வருஷமா இந்த ரோட்ல வண்டி ஓட்டிப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?

பாத்து, பள்ளம். கீழ இடிச்சா ஆயில் டப்பா போயிரும்.

ரயில்ல ஏறி என்ன சொல்லப் போறீங்க அவகிட்ட? சும்மா கேட்டேன். மன்னிப்பா. ஓ. போன தடவையும் கேட்டீங்களாமே. அதுக்கு முந்தின தடவையும்.

யாரு சொன்னாங்களா? யாரோ சொன்னாங்க. ரோட்டைப் பாருங்க.

ப்ச். கேட்டைப் போட்டுட்டான் பாருங்க.

ஹாரன் அடிச்சா திறப்பானா? கேட்டுக்கு என்ன தெரியும் உங்க அவசரம். ஆஃப் பண்ணாதீங்க, ஓடட்டும். டர்போ கொதிச்சுக்கிட்டு இருக்கும், ஆயில் சுத்தினாதான் ஆறும். எங்க இறங்கறீங்க? கேட்டுக்கு அடியில பூந்து ஓடப் போறீங்களா? ஸ்டேஷன் இங்க இருந்து ஒரு கிலோமீட்டர். அதோ, விளக்கு தெரியுது. உக்காருங்க.

இந்தப் பக்கம் இருந்து வர்ற ரயில்தான். ஸ்டேஷன்ல இருந்து.

ஆமா.

ஆமா, அதேதான்.

கத்தி என்ன பண்றது? உள்ள கேக்காது, ஏசி பெட்டி. கையை ஆட்டினா நிக்கறதுக்கு இது டவுன் பஸ்ஸா? அது வேகம் பிடிச்சாச்சு.

இந்தப் பக்கம் ஜன்னல்ல உக்காராதேன்னு சொல்லியிருந்தேன். உக்காந்திருக்கா பாரு. கழுதை.

என்ன பாக்கறே? ஆமா, எனக்குத் தெரியும். ஆமா, நீன்னுதான் சொன்னேன்.

அந்த டக்டக் எங்க போச்சுன்னு இவ்வளவு நேரத்துல ஒரு தடவை கேட்டியா? பங்க் வர்றதுக்கு முன்னாடியே நின்னுருச்சு. சூடானா நின்னுரும், எந்த இன்ஜினா இருந்தாலும். ரிங் போன வாரமே செட் ஆயிருச்சு. மலை ரோட்ல. ஏத்தத்துல மிதிக்கணும், இறக்கத்துல காலை எடுக்கணும், திரும்ப ஏத்தத்துல மிதிக்கணும். ஒருநாள் பூரா. எனக்கு முதுகு வலி, நீ ஆபீஸ்ல இருந்தே. அவதான் ஓட்டினா. நான் இங்க, இதே சீட்ல.

முதல் ஏத்தத்துலயே கியர் மாத்த முடியல அவளால. அந்த மணிக்கட்டு இன்னும் வலிக்குதாம். பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தா. சரி, நீ கிளட்சை மட்டும் மிதி, கியரை நான் போடறேன்னேன். அப்படியே ஏறினோம், அவ கிளட்ச், நான் கியர். பாதி மலைல கேட்டேன், நிஜமாவே கதவுதானான்னு. இல்லப்பான்னா. அதுக்கப்புறம் நிறுத்தவே இல்ல. ரிங் செட் ஆகற வரைக்கும் ஓட்டிக்கிட்டேதானே இருக்கணும். பேசிக்கிட்டே ஓட்டினா.

ரிங் இன்னும் செட் ஆகலைன்னு சொன்னதும் காலை எவ்வளவு பதமா வச்சே நீ. ஒரு இரும்பு வளையத்துக்கு. பாத்துக்கிட்டேதான் வந்தேன். உனக்குப் பதமா நடந்துக்கத் தெரியாதுன்னு இல்ல.

எங்க போறாளா? எனக்குத் தெரியாது. சத்தியமா. எங்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். நீ எப்படிக் கேட்டாலும் என் வாயில வராது பாரு.

கேட்டைத் தூக்கிட்டான். பின்னால ஹாரன் அடிக்கறாங்க, எடு. இப்ப எவ்வளவு வேணா மிதி, ஒண்ணும் ஆகாது. நல்லாத்தான் செஞ்சிருக்கேன் உன் இன்ஜினை.

ஏய். கை எங்க வருது?

ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வை.