பேர் வெட்டாத உத்தரம்

முந்தி ஒரு காலத்திலை, நாங்கள் வந்து குடியிருக்கிற இதே ஜேர்மன் பட்டினத்திலை, வால்புர்கா எண்டு ஒரு தையல்காரி இருந்தாளாம். கேளுங்கோ அவளின்ரை கதையை.

இந்த ஊரிலை ஒரு வழக்கம். வீடு கட்டினால் வாசலுக்கு மேலை உள்ள உத்தரத்திலை புருசன் பெண்சாதி பேரை உளியாலை வெட்டோணும். வால்புர்காவுக்குப் பக்கத்து வீடு கட்ஸ் எண்ட யூதக் குடும்பம். பொத்தான் கடை வைச்சிருந்தவை. இவள் சட்டை தைப்பாள், அவை பொத்தான் குடுப்பினம். வீட்டுக்கு வீடு கறி குடுத்து வாங்கிற பழக்கமாம்.

பிறகு நாசிகளின்ரை காலம் வந்தது. ஒருநாள் காலமை கட்ஸையும் பெண்சாதி லீனாவையும் பொலிஸ் இழுத்துக்கொண்டு போச்சுதாம். லீனா திரும்பி வால்புர்காவின்ரை யன்னலைப் பாத்தாளாம். வால்புர்கா திரைச்சேலைக்குப் பின்னாலை நிண்டாளாம். நிண்டாளாம், வெளியிலை வரேல்லையாம். பயம். போனவை திரும்பி வரேல்லை. அந்த வீட்டை வேறொருத்தன் எடுத்தான், உத்தரத்தைச் சீவிப் பேரை அழிச்சான். ஊர் பாத்துக்கொண்டு இருந்தது.

அதுக்குப் பிறகு குண்டு விழுந்து ஊரே சாம்பலாப் போச்சுது. எங்கடை நாட்டுச் சண்டையிலை வீடெரிஞ்சு வந்த சனம் நாங்கள், அந்த வயித்தெரிச்சல் எங்களுக்கும் விளங்கும்.

சண்டை முடிஞ்சுது. "இருந்த மாதிரியே கட்டுவம்" எண்டிச்சினமாம் ஊர்ப் பெரியவை. பழைய படங்களைப் பாத்துப் பாத்துக் கட்டிச்சினமாம். யன்னல் அப்பிடியே, கூரை அப்பிடியே, கதவிலை இருந்த சிங்கத்தின்ரை பல்லும் அப்பிடியே.

வால்புர்கா அந்தப் பெரியவைக்கு முன்னாலை போய் நிண்டாளாம். "அப்ப கட்ஸ் வீட்டிலை அவையின்ரை பேரையும் வெட்டுங்கோ."

"குண்டு விழேக்கை அந்த உத்தரத்திலை பேர் இல்லையே அம்மா."

"அதுக்கு முதல் இருந்ததே!"

"குண்டு விழுந்த அண்டு எப்பிடி இருந்ததோ, அப்பிடித்தான் கட்டுறம். நீங்கள் வீட்டை போங்கோ."

பாத்தியளே நியாயத்தை! சிங்கத்தின்ரை பல்லை மறக்காத சனம் மனிசரை மறந்திட்டுது.

தச்சன் உளியோடை அவளின்ரை வாசலுக்கு வந்து ஏணி வைச்சானாம். ஏணியைப் பிடிச்சு இழுத்தாளாம் வால்புர்கா. "அங்கை வெட்டிப்போட்டு இஞ்சை வா. அதுவரைக்கும் என்ரை பேரும் வேண்டாம்!"

வெறும் உத்தரத்தைக் கண்டால் சனம் ஏனெண்டு கேக்கும், கேட்டால் ஊருக்கு வெக்கம் வரும் எண்டு நம்பினாளாம், பாவி மனிசி. சாகுமட்டும் நம்பினாளாம்.

ஆர் கேட்டது? கலியாணம் முடிக்கிற சோடியள் கண்டுதுகள், நல்ல வெறும் பலகை. பள்ளிக்கூடச் சோக்கட்டியாலை தங்கடை பேரை எழுதத் தொடங்கிச்சுதுகள். எழுதினால் குடும்பம் நல்லாயிருக்குமாம்! மழை கழுவக் கழுவ வேறை சோடியள் வந்து எழுதுதுகள். கட்ஸ் வீடு ஐஸ்கிறீம் கடையாப் போச்சுது, அங்கையே வாங்கித் திண்டுபோட்டு வந்து எழுதுதுகள். அண்டையிலை இருந்துதான் வால்புர்காவின்ரை வீட்டுக்குக் "கலியாண வாசல்" எண்டு பேர்.

அவளின்ரை பேத்தியும் கலியாணத்தண்டு அங்கை போனவளாம். கதை முழுக்கத் தெரிஞ்ச பிள்ளை. ஏணியிலை ஏறித் தன்ரை பேரைத்தான் எழுதினவளாம்.