சங்கையாவுக்கு மருந்து பிடித்த விதம்

மனுஷன் வாயை மூடிக்கொண்டால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பது எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்காதவர்களுக்குத் தெரியாது, டாக்டர் ஐயா. எங்களுடையது ஒரு அறையும் அடுப்படியும். என் வீட்டுக்காரர் சங்கையா பேச ஆரம்பித்தால் அதில் எனக்கு நிற்க இடமிருக்காது. அவர் மூடிக்கொண்ட பிறகுதான் எங்கள் வீட்டுக்கு ஒரு ஜன்னல் இருப்பதையே கவனித்தேன்.

மலம் கறுப்பாகப் போகிறது என்று அவர் உங்களிடம் வந்து பெருமையாகச் சொன்னதாகவும், அது நீங்கள் கொடுத்த மாத்திரைக்கு வராதே என்று உங்களுக்குச் சந்தேகம் வந்ததாகவும் கம்பவுண்டர் சொன்னார். வரச் சொன்னீர்கள், வந்துவிட்டேன். கேட்டால் மறைக்கிற பழக்கம் இந்த வேலுத்தாய்க்குக் கிடையாது.

நீங்கள் அவரைச் சோர்ந்துபோன காலத்தில் மட்டும்தான் பார்த்தீர்கள். எங்கள் எஸ்டேட்டில் காளியம்மன் கோயில் கொடைக்கு வருஷா வருஷம் நாடகம் உண்டு. அதில் பபூன் இவர்தான். வேஷத்தைக் கலைத்த பிறகும் பபூன்தான். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போதும், சாயங்காலம் குழாயடியிலும், இவரைச் சுற்றி நாலு பெண்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சிரித்து முடித்துவிட்டு என்னிடம், "ஒனக்கென்னக்கா, வீட்டுக்குள்ளயே கொட்டகை" என்பார்கள். வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? சுவரைப் பார்த்து மறுநாள் கூத்துக்கு ஒத்திகை நடக்கும். எனக்கென்று அவர் சொல்வது "சோத்தப் போடு" என்ற ஒன்றுதான்.

போன வருஷக் கொடைக்குப் போடியிலிருந்து ஒரு புது பபூனைக் கூட்டி வந்தார்கள். அவன் சைக்கிளில் பின்பக்கமாக உட்கார்ந்து மேடைக்கு வந்தான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து இவர் வந்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். வேலைக்குப் போவார், வருவார், சுவரோரம் உட்காருவார். சோறு இறங்காது, தூக்கம் கிடையாது. எமர்ஜென்சி வந்துவிட்டது என்று டிரான்சிஸ்டரில் சொன்னபோதுகூட "வரட்டும்" என்றார்.

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனுஷன் வீட்டில் இருந்தார். நான் பேசினால் கேட்டார். பூண்டு உரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பேன்கூடப் பார்த்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அப்போதுதான் எனக்கு ஒரு புருஷன் கிடைத்தார், டாக்டர் ஐயா. அந்த நேரம் பார்த்து பாக்டரி மேஸ்திரி அவரை உங்களிடம் இழுத்து வந்துவிட்டார்.

நீங்கள் ஒரு பாட்டில் சிவப்பு மாத்திரையை என் கையில் கொடுத்தீர்கள். "வாய் வறளும், மலம் இறுகும், கண்ணு மங்கும், எழுந்நேற்றா தலை சுத்தும், வேர்க்கும். இதொக்கெ வரும், பேடிக்க வேண்டா. ரெண்டு மூணு வாரம் கழிஞ்ஞாத்தான் மனசு தெளியும். தாங்கலேன்னா வந்து சொல்லு, நிறுத்திடலாம்" என்று உங்கள் மலையாளம் கலந்த தமிழில் சொன்னீர்கள். அதில் கடைசி வார்த்தை மட்டும்தான் எனக்குத் தேவைப்பட்டது.

அவர் மனசு தெளிந்து மறுபடி குழாயடிக்குப் போய்விடாமல் இருக்க, முதலில் மாத்திரையை மாற்றினேன். பக்கத்து வீட்டு அழகுத்தாய் பிள்ளைத்தாய்ச்சி. ரத்தம் ஊறுவதற்கென்று அவளுக்குக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையும் அதே சிவப்பு. குமட்டுகிறது என்று அவள் அதை வாழை மூட்டில் எறிந்துகொண்டிருந்தாள். அதைக் கேட்டு வாங்கி இவருக்குக் கொடுத்தேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது ஆம்பளைக்கு மட்டும் கெடுதலாகிவிடுமா? மலம் இறுகுகிற வேலையை அதுவே பார்த்துக்கொண்டது. நிறத்தையும் மாற்றும் என்று எனக்குத் தெரியாது.

மற்றதை நான் பார்த்துக்கொண்டேன். வாய் வறள்வதற்கு, பாக்டரித் தூசுத் தேயிலையைச் சுண்டக் காய்ச்சி, கடுக்காய்த் தூளைக் கலந்து, பால் விடாமல் கொடுத்தேன். தலை சுற்றுவதற்கு, கட்டில் கால் ஒன்றுக்கு அடியில் இருந்த கல்லை உருவிவிட்டேன். கண் மங்குவதற்கு, மூக்குக்கண்ணாடியில் தேங்காயெண்ணெய் தடவினேன். வியர்ப்பதற்கு, மூன்று கம்பளியைப் போர்த்தி, கட்டிலுக்கு அடியில் கங்குச் சட்டி வைத்தேன். பற்றிக்கொள்ளாமல் பக்கத்திலேயே காவலும் இருந்தேன். புருஷனுக்காக இவ்வளவு மெனக்கெடும் பெண்பிள்ளையை எங்கள் லயத்தில் நீங்கள் பார்க்க முடியாது.

நாலு நாளில் மருந்தும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்பார், உங்களிடம் வந்து நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் காலை எழுந்தார். கட்டிலோடு சாய்ந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டு என்னைப் பார்த்தார். பார்த்தது என்னையல்ல, என் பக்கத்தில் இருந்த குடத்தை.

"ஏ புள்ள, மருந்து புடிச்சிருச்சு" என்றார். சுவரோரம் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் சனத்துக்கு மருந்து என்றால் கொயினா மாத்திரைதான், டாக்டர் ஐயா. மலைக்காய்ச்சல் காலத்தில் பெரட்டில் வரிசையாக நிறுத்தி வாயில் போடுவார்கள். காது இரைய வேண்டும். இரைந்தால் மருந்து பிடித்துவிட்டது, ஆள் பிழைத்தான். இரையாவிட்டால் இன்னொன்று போடு. அதிலேயே வளர்ந்த மனுஷனுக்கு நான் உபத்திரவத்தைக் கூட்டக் கூட்ட தெம்பும் கூடியது. அதைப் புரிந்துகொள்ளாமல் நானும் கடுக்காயைக் கூட்டினேன்.

இரண்டாவது வாரம் குழாயடியில் அவர் குரல் கேட்டது. "கண்ணு அவிஞ்சு போச்சுப்பா. அம்புட்டு வீரியமான மருந்து! நேத்து மேஸ்திரின்னு நெனச்சு மாட்டுக்குக் கும்புடு போட்டேன், அதும் தலைய ஆட்டுச்சு." எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்காகக் கட்டிலில் படுத்து, எழுந்து, சாய்ந்து காட்டினார். நாக்கு ஒட்டிக்கொண்டவன் துரைக்கு சலாம் வைப்பது எப்படி என்று காட்டினார். அழகுத்தாய் சிரித்துச் சிரித்துப் பிள்ளை இங்கேயே பிறந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. நான் பாடுபட்டுச் செய்த ஒவ்வொன்றையும் அவர் கூத்தாக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறெரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை கொடை நடந்தது. போடிக்காரன் மறுபடி சைக்கிளில் வந்தான். இவர் ஒரு கட்டிலோடு வந்தார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. போடிக்காரனே கீழே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

உங்கள் நிஜ மாத்திரை எங்கே என்றுதானே கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். என்னென்ன உபத்திரவம் எப்படி எப்படி வரும் என்று தெரியாமல் அதை ஒருத்தருக்கு வரவழைக்க முடியுமா? அதற்காக ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வாய் வறண்டது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிறகு, நல்ல மருந்தை வீணாக்குவானேன் என்று மிச்சத்தையும் தினம் போட்டுக்கொண்டேன். வாராவாரம் அவருக்கென்று உங்களிடம் வந்து சொன்னதெல்லாம் எனக்கு வந்தது. அந்தமட்டில் நான் பொய் சொல்லவில்லை.

எனக்கு நோய் எதுவும் கிடையாது. கோழி கூவுவதற்கு முன்னே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பது, சோறு மண்ணாக இருப்பது, கொழுந்து கிள்ளும்போது காரணமில்லாமல் கண்ணில் நீர் இறங்குவது, இதெல்லாம் வருஷக்கணக்காக உள்ளதுதான். மலைக்காற்று சிலருக்கு அப்படிச் செய்யும். மூன்றாவது வாரம் போல அது நின்றுவிட்டது. ஒரு நாள் விடிந்த பிறகு அவர்தான் என்னை எழுப்பினார். இன்னொரு நாள் மலைச்சரிவில் யாரோ பாடுகிறார்களே என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொடையன்றைக்கு நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கட்டிலிலிருந்து எழுந்து சாய்ந்தபோது என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் வசனத்தை மறந்து நின்றார். இப்போது பழையபடி குழாயடியில்தான் கிடக்கிறார், நாலு பேர் சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம்கூட வருவதில்லை. குடத்தை வைத்துவிட்டு நானும் நின்று கேட்கிறேன். நீங்கள் சொன்ன உபத்திரவங்களில் இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். போலீசுக்குச் சொல்வதானாலும் சொல்லுங்கள். ஆனால் பாட்டில் நேற்றோடு காலி, டாக்டர் ஐயா. அவருக்கு இன்னும் முழுசாகக் குணமாகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் பேருக்கே இன்னொரு பாட்டில் எழுதிக் கொடுங்கள்.